ஐயாசாமியின் பச்சை

இன்னும் ஒரே ஒரு தேய்ப்பு போதும் என்று இல்யாஸ் நினைத்ததில்தான் எல்லாம் கெட்டது. அந்தப் பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரின் பக்கக் கண்ணாடியைத் தாங்கியிருந்த உலோகத் தட்டைக் கழற்றியபோது, அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு அசல் பெயிண்ட் ஒளிந்திருந்தது. பச்சை. மேல்தோல் செத்து மங்கியிருந்தாலும் அடியில் உயிர் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். வாட்டர் பேப்பர் என்கிற மெல்லிய உப்புத்தாளை நனைத்து, விரல் நுனியால், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் தேய்த்தான். நிறம் மெல்ல எழுந்து வந்தது. அப்போதே கையை எடுத்திருக்கலாம். பெயிண்ட் மிக்ஸிங் கடையிலிருந்து நிறத்தைப் படிக்கிற கருவியோடு ஆள் கிளம்பிவிட்டான். ஆனால் கார்க்காரர் மகன் கிருபாசங்கரும் வருகிறார். அவர் வந்து பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஓர் ஆசை. சுத்த ஜம்பம். வழிந்த தண்ணீர் பச்சையாக ஓடி, பழுப்பாக ஓடி, பிறகு வெறும் தண்ணீராக ஓடியது. துடைத்துப் பார்த்தான். தகரம் அவனைப் பார்த்துப் பல்லை இளித்தது.

சுற்றிலும் விளிம்பில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான். சிவப்புதான் இருந்தது. அந்தச் சிவப்புதான் இத்தனைக்கும் காரணம்.

கார் அன்னூர் பாலுசாமியினுடையது. வாங்கியவர் அவருடைய அண்ணன் ஐயாசாமி. கம்பெனி அடித்த கலர் பிடிக்காமல், மெட்ராஸில் ஒரு பட்டறையில் பக்கத்திலேயே நின்று தன் மனசுக்குப் பட்ட ஒரு பச்சையைக் கலக்கச் சொல்லி அடித்துக்கொண்டு வந்த மனிதர். சோழவரத்துக்கு ரேஸ் பார்க்க அந்தக் காரில்தான் போவார். கல்யாணம் ஆகும் முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வருடம் திரும்புவதற்குள் பாலுசாமிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று, காரைத் தகரம் தெரியச் சுரண்டிச் சிவப்பு அடித்துவிட்டார். அந்த வயதுக்குப் புத்தி அவ்வளவுதான். தங்கை சாமியாத்தாள் வாசலில் நின்று, "அண்ணனை ரெண்டாந்தரம் கொன்னுபோட்டே" என்று சொன்னாளாம். அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. சத்தியமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டாள், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்தாள், சாப்பிட்டாள், சீர் வாங்கிக்கொண்டாள். அந்தக் காரில் மட்டும் ஏறவில்லை. கொட்டுகிற மழையிலும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனாள்.

எழுபது தாண்டிய பிறகு பாலுசாமிக்கு அது உறுத்த ஆரம்பித்தது. சிங்காநல்லூரில் இருக்கும் இல்யாஸின் பட்டறைக்குக் காரைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, நான் போய்ச் சேர்றதுக்குள்ள எங்கண்ணன் கலர்ல அவளை உக்கார வெச்சுப் பாத்துரோணும்."

என்ன கலர் என்று கேட்டால்தான் தகராறு. தங்கையிடம் போய்க் கேட்கப் பெரியவருக்கு முகம் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் பச்சை என்று மட்டும் இருந்தது. இருந்த போட்டோக்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. பாலுசாமி வாழைக்குருத்து என்றார். அவர் மனைவி பாசிப்பயறு என்றாள். பழைய டிரைவர் ஒருவர், அதில் நீலம் கலந்திருந்தது என்று சத்தியம் செய்தார். இல்யாஸ் ஒவ்வொன்றையும் கலக்கித் தகட்டில் அடித்துக் காட்டினான். பெரியவர் தகட்டை வாங்கி வெயிலில் பிடிப்பார். உதட்டைப் பிதுக்குவார். "இது இல்லீங் தம்பி" என்பார். இந்த லட்சணத்தில்தான் அன்று காலை அந்தக் காசு அகலப் பச்சை கிடைத்தது. கிடைத்ததும் இல்யாஸ் செய்த முதல் காரியம் போன் அடித்ததுதான். பெரியவர் போனிலேயே அழுதார். அழுத கையோடு தங்கைக்கும் சொல்லிவிட்டார்.

கருவியோடு வந்த ஆளை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினான் இல்யாஸ். கிருபாசங்கர் வந்து ஆவலாக எட்டிப் பார்த்தபோது, தகரத்தின்மேல் பிரைமரைத் தடவி வைத்திருந்தான். "கருவியில கலரைப் படிச்சு எடுத்துட்டோம் சார். துரு புடிக்காம இருக்க மூடிட்டேன்" என்றான். வாய் தானாகச் சொன்னது. அவர் அவன் தோளைத் தட்டி, "நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு அப்பா சொல்லிட்டே இருந்தாருங்க" என்றார். அந்தத் தட்டல் முதுகெலும்பு வரைக்கும் இறங்கியது.

கண்ணால் பார்த்தது ஞாபகம் இருக்காதா என்ன, என்று முதலில் தைரியமாகத்தான் இருந்தான். இருபத்தைந்து வருடமாகக் கலர் கலக்குகிற கை. பச்சையில் கொஞ்சம் மஞ்சள், ஒரு சொட்டுக் கறுப்பு, வெள்ளை. அடித்துப் பார்த்தால் இதுதான் என்று தோன்றியது. காய்ந்ததும் இல்லை என்று தோன்றியது. மறுபடி கலக்கினான். அடித்த ஒவ்வொரு தகடும் அந்த ஞாபகத்தின்மேல் ஒரு கோட் அடித்துவிட்டுப் போயிற்று. கடைசியில் எது தட்டுக்கு அடியில் பார்த்த பச்சை, எது தான் கலக்கிய பச்சை என்று அவனுக்கே பிடிபடவில்லை. வரிசையாகச் சாத்தி வைத்த தகடுகளில் ஒன்று பார்க்க அழகாக இருந்தது. அழகாக இருந்தது என்பதைத் தவிர அதை எடுக்க வேறு காரணம் எதுவும் இல்லை.

பெரியவர் எப்படியும் உதட்டைப் பிதுக்குவார், பிதுக்கியதும் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அதைக் காட்டினான். உண்மையில் அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டும் இருந்தான். பாலுசாமி தகட்டை வெயிலில் பிடித்தார். நெற்றி சுருங்கியது. திரும்பி அவனைப் பார்த்து, "அந்தக் கண்ணாடிக்கு அடியில இருந்தது இதுதானுங்களே?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

அதற்குப் பிறகுதான் அவர் கண் நிறைந்தது. "இதேதான். இதே கலர்தானுங் தம்பி. எனக்கு இப்பத்தான் நெனப்பு வருது" என்று தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவருக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை, தான் சொன்ன ஒரு ஆமாம்தான் அவருக்குள் போய் ஞாபகமாக உட்கார்ந்துகொண்டது என்று இல்யாஸுக்குத் தெரிந்தது. வீட்டில் மனைவி ஹுமேராவிடம் மட்டும் சொன்னான். அவள் சோறு போட்டுக்கொண்டே, "பெரியவருக்கு மனசு ஆறிப்போச்சுல்ல? இதுல யாருக்கு என்னங்க நட்டம்?" என்றாள். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் மீதி வேலை முழுவதையும் செய்தான். வேலை என்னவோ அப்படி அமைந்தது. அவன் கையில் அதுவரை அவ்வளவு சுத்தமாக ஒரு கார் வந்ததில்லை.

காரை அன்னூர்த் தோட்டத்தில் கொண்டுபோய் விடுகிற நாளில் அவனையும் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். ஆரத்தித் தட்டு, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் தயாராக இருந்தன. பாலுசாமி புதுவேட்டியில் வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். சாமியாத்தாள் தன் மகனின் காரில் வந்து இறங்கினாள். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தலை. இடுப்பில் ஒரு சின்னத் தகரப் பெட்டியை இடுக்கியிருந்தாள்.

அவள் எம்.ஜி.யைச் சுற்றி வந்தாள். ஒருமுறை வந்து நின்றவள், மறுபடியும் சுற்றினாள். பிறகு அவள் பெட்டியைக் காரின் மூக்குமேல் வைத்து, சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"அண்ணா, எனக்கு ஆஸ்டலுக்குப் போறதுக்குப் பெரியண்ணன் அடிச்சுக் குடுத்ததல்ல இது? காருக்கு அடிச்ச மீதி பெயிண்டுதான்னு சொன்னாரே. ரெண்டும் சேரக் காணமே?"

இல்யாஸ் பார்த்தான். கண்ணாடித் தட்டுக்கு அடியில் அன்று காலை எழுந்து வந்த பச்சை அதுதான். மறந்துவிட்டது என்று நினைத்திருந்தானே, மறக்கவே இல்லை. வாழைக்குருத்தும் இல்லை, பாசிப்பயறும் இல்லை. டிரைவர் சொன்ன நீலம் அதில் இருந்தது. அதன் பக்கத்தில் அவன் அடித்த பச்சை, விலை கூடிய பட்டுச் சேலை மாதிரி மின்னிக்கொண்டு அசட்டுத்தனமாக நின்றது.

பாலுசாமி பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "அது வெளுத்துப்போச்சு அம்மணி. எத்தன வருசம் ஆச்சு! இது அண்ணன் காருல இருந்தே எடுத்த கலரு."

"பரண்மேல துணியச் சுத்தித்தானே வெச்சிருந்தேன்? வெயிலே படலியே." அவள் குரலில் பிடிவாதம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. அண்ணன்மேல் அல்ல, தன்மேலேயே. சட்டென்று இல்யாஸ் பக்கம் திரும்பினாள். "ஏனுங் தம்பி, நீங்க தொழில் தெரிஞ்சவங்க. நீங்க சொல்லுங்க. எதுங்க எங்கண்ணன் கலரு?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சொல்லிவிடு என்றது மனசு. சொன்னால் பாலுசாமி இங்கேயே இடிந்து உட்கார்ந்துவிடுவார். இந்த வயதில் இன்னொரு தடவை காரைச் சுரண்டி, இன்னொரு தடவை காத்திருந்து... அதெல்லாம் பிறகு அவனாகக் கட்டிக்கொண்ட சமாதானம். அந்த நேரத்தில் அவனுக்கு வந்தது பயம் மட்டும்தான். இத்தனை பேர் நடுவில் பொய்யன் என்று நிற்கப் பயம்.

"பழைய பெயிண்டு, வெயில் படாட்டியும் நாளாவட்டத்துல மாறிருமுங்கம்மா" என்றான். "காருல இருக்கறதுதானுங்க சரி."

சாமியாத்தாள் பெட்டியைப் பார்த்தாள். இத்தனை வருடம் பரணில் பத்திரமாக வைத்திருந்ததைப் பார்த்து, ஏமாந்துபோனவள்போல் சிரித்தாள். "நாந்தான் தப்பா வெச்சிருந்தேனாட்ட இருக்குது. உன்னையப் போயி அன்னைக்கு அந்தப் பேச்சுப் பேசிப்போட்டு, இத்தன வருசம் இந்தக் காருல ஏறாம இருந்துபோட்டேன், அண்ணா."

"உக்காரு அம்மணி" என்றார் பாலுசாமி. கிருபாசங்கர் கதவைத் திறந்துவிட்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவள்போல் ஏறி உட்கார்ந்தாள். பாலுசாமி சுற்றிக்கொண்டு போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். வேண்டாம் என்று மகன் சொன்னது அவர் காதில் விழவில்லை.

வண்டி கிளம்பும் முன் சாமியாத்தாள் இல்யாஸைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் பெயிண்டு மீதி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப அந்தப் பெட்டிக்கும் இதே கலரையே அடிச்சுக் குடுத்துருங்க. ரெண்டும் ஒண்ணாட்ட இருக்கட்டும். மூடியில என்ற கட்டவெரல் தடம் ஒண்ணு இருக்குதுங்க. அண்ணன் அடிச்சுக் காய வெச்சிருந்தப்ப ஈரத்துல தொட்டுப்போட்டேன். நறுக்குன்னு தலையில ஒரு கொட்டு வெச்சாரு." தலையைத் தடவிக்கொண்டாள். "அது போயிருமுங்களா?"

"தேச்சுட்டுத்தானுங்கம்மா அடிக்கோணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "போனாப் போகுதுங்க. அவரு கலருதானே முக்கியம்?"

கார் தென்னை வரிசைகளுக்கு நடுவே மெதுவாகப் போயிற்று. அண்ணனும் தங்கையும் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசிக்கொண்டு போவது கேட்டது. வரப்போரமாகப் பாதை திரும்புகிற இடத்தில் பாலுசாமி ஹாரனை விடாமல் அழுத்தினார். சாமியாத்தாள் சின்னப் பெண்போல் கத்திச் சிரித்தாள். வாசலில் நின்ற சனமெல்லாம் கை தட்டியது. யாரோ இல்யாஸின் முதுகில் தட்டி, "சாதிச்சுப்போட்டீங்க பாய்" என்றார்கள். அவன் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். மூடியின் ஓரத்தில், ஐயாசாமியின் பச்சையில், ஒரு சிறுமியின் கட்டைவிரல் ரேகை சுழி சுழியாக, நேற்றுத் தொட்டதுபோல் பதிந்திருந்தது.