முத்துக்கு ஒத்துவராத சுவர்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் உடைகளுக்குப் பொறுப்பாக இருந்தவளை எல்லோரும் 'அலமாரி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒப்பனை அறைக்குப் பின்னால், ஜன்னலில்லாத ஓர் அறையில், கோட்டுகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவே அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் வந்த பெயர். பீரோ என்று வைக்காமல் விட்டார்களே என்று அவளும் சிரித்துக்கொள்வாள். அந்த வாரம் மட்டும் அவளுக்குச் சிரிப்பே வரவில்லை.

முதல் காரணம் சுவர். நிலையத்தின் நிர்வாகி செய்தி அரங்கைப் புதுப்பித்திருந்தார். பழைய அடர்நீலப் பின்னணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பாலைக் கொட்டிய மாதிரி ஒரு வெள்ளைச் சுவர் எழுப்பி, அதற்குப் பின்னாலிருந்தும் விளக்குப் போட்டுவிட்டார். வருகிறவர் போகிறவரை எல்லாம் அழைத்துப்போய்க் காட்டினார்.

இரண்டாவது காரணம், மாலைச் செய்தி வாசிப்பாளர். நீண்ட விடுப்பு முடிந்து வந்தவள், மூன்று சரம் முத்துமாலை ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கழற்றவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

ஏன் என்பது அலமாரிக்கு மட்டும் தெரியும். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், உண்மையில் தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தாள். கழுத்தின் அடியில் குறுக்காக ஒரு சிவந்த தழும்பு. அதன்மேல் மேக்கப் படவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உயரக் காலர் வைத்த சட்டை உரசினால் எரிந்தது. துணியைச் சுற்றினால் யாரோ கழுத்தைப் பிடிப்பதுபோல் இருந்தது, குரல் தடுமாறியது. முத்து வழவழவென்று குளிர்ச்சியாகத் தழும்பின்மேல் சரியாக உட்கார்ந்தது.

"வெளியில தெரிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்க்கா," என்றாள் வாசிப்பாளர். தெரியும். முன்பு இன்னொரு வாசிப்பாளருக்கு முதுகில் ஏதோ கோளாறு என்று கேள்விப்பட்டதும், "கொஞ்சம் ஓய்வா இருங்கம்மா," என்று அன்பாகச் சொல்லியே நிர்வாகி அவளை முகம் தெரியாத பின்னணிக் குரலாக்கிவிட்டார். அவள் இன்றுவரை திரையில் தலைகாட்டவில்லை.

"என் வாயிலேர்ந்து வராது," என்று அலமாரி சொன்னாள். சொல்லிவிட்டாளே தவிர, அதற்கப்புறம்தான் மண்டை காயத் தொடங்கியது.

முதல் நாள் வெளிர்சாம்பல் கோட்டு. வெள்ளைச் சுவர் வாரி இறைத்த வெளிச்சத்தில் கோட்டும் முத்தும் ஒன்றாகக் கரைந்து, தாடைக்குக் கீழே மங்கலாக ஒரு பட்டை மட்டும் தெரிந்தது. "வாசிப்பாளர் கழுத்தில் என்ன கட்டு, அடிபட்டுவிட்டதா?" என்று நேயர்களிடமிருந்து செய்திகள் வந்து குவிந்தன. எதை மறைக்க மாலை போட்டாளோ, அதையே ஊர் முழுக்கக் கேட்டது. வாசிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் மஞ்சள். முத்து பக்கத்திலிருக்கும் நிறத்தை வாங்கிக்கொள்ளும் என்பதை அலமாரி யோசிக்காமல் விட்டுவிட்டாள். மூன்று சரமும் பழுப்பேறித் தெரிந்தன. "விளக்காத பல்லு மாதிரி இருக்கு," என்றார் நிர்வாகி.

அடுத்தது கறுப்பு. அவளுக்கு அதில் பெரிய நம்பிக்கை. நகைக்கடைப் பெட்டியில் கறுப்புத் துணியில்தானே முத்து எடுப்பாக இருக்கிறது? ஆனால் அவள் எடுத்தது பளபளக்கும் சாட்டின். பின்னால் வெள்ளைச் சுவர், முன்னால் கரிய கோட்டு, நடுவில் முகம் இருண்டுபோனது. முகம் தெரியட்டும் என்று கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டினார்கள். முத்து டியூப் லைட் மாதிரி எரிந்தது. இதற்கு அவள் யாரையும் நோக முடியவில்லை.

பச்சையைத் தொடவே வழியில்லை. செய்தி முடிந்ததும் அதே வாசிப்பாளர்தான் பச்சைத் திரைக்கு முன்னால் நின்று வானிலையும் சொல்ல வேண்டும். பச்சையாக இருப்பதெல்லாம் ஒளிபரப்பில் வானிலைப் படமாக மாறிவிடும்; பச்சைக் கோட்டுப் போட்டால் தலையும் கையும் மட்டும் மழைமேகத்தில் மிதக்கும்.

நிர்வாகி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இவ்ளோ குழப்பம் எதுக்குங்க? அந்த மாலையைக் கழட்டச் சொல்லுங்க. முடிஞ்சுது."

"அது அவங்க விருப்பம் சார்."

"செய்தி வாசிக்க வர்றாங்களா, நகைக்கடை விளம்பரத்துக்கு நிக்கிறாங்களா?"

"சுவர்ல வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சா சரியாயிடும் சார்."

"சுவரைப் பத்திப் பேசாதீங்க," என்றார் அவர். பெற்ற பிள்ளையைக் குறை சொல்லிவிட்ட மாதிரி அவர் முகம் மாறிவிட்டது. "துணியைப் பாருங்க. அதுக்குத்தான் நீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த அரங்கின் ஒளிப்பதிவாளர் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன்தான். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிடுகிறவன். அன்று தட்டை வைத்ததுமே ஆரம்பித்தாள்.

"பின்னாடி இருக்கிற விளக்கை மட்டும் அணைச்சுடேன்."

"அண்ணி, அது அவரோட செல்லப் பிள்ளை. அதை அணைச்சா என் வேலையை அணைச்சுடுவாரு."

"பாதியாவது குறை."

"அந்தம்மா மாலையைக் கழட்டினா ஒரு நிமிஷத்துல தீருற விஷயம். அவங்க பிடிவாதத்துக்கு நீங்க ஏன் இப்படிக் கிடந்து அல்லாடுறீங்க? உங்களுக்கு என்ன வந்துச்சு?"

காரணம் அவள் நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கினாள். "உனக்குச் சொன்னாப் புரியாது," என்றாள். அதைவிட மோசமான பதிலை அவள் சொல்லியிருக்க முடியாது. அவன் பாதித் தட்டோடு எழுந்துபோனான்.

அவள் கணவர் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டே, "நானும் பார்க்கிறேன், இந்த வீட்ல சோத்துத் தட்டு வரைக்கும் முத்துதான் உருளுது," என்றார். அவரிடமும் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் மத்தியானம் வாசிப்பாளரை உட்காரவைத்து, ஒவ்வொரு துணியாக அவள் தோளில் போட்டுப் பார்த்தாள். பழுப்பு, வேண்டாம். ஊதா, முகம் வாடுகிறது. மெல்லிய கோடு போட்டது, கேமராவில் நெளியும். வாசிப்பாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துணியை உதறித் தள்ளினாள்.

"நான் என்ன ஜவுளிக்கடைப் பொம்மையா? போதும்க்கா. போய் உண்மையைச் சொல்லிடறேன். என்ன பண்ணுவாரோ பண்ணட்டும்." மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

அலமாரிக்கும் பொறுமை போயிருந்தது. "சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்மா. உன் கழுத்து, உன் வேலை. ஆனா எனக்குத் துணி கிடைக்கலேங்கிறதுக்காகப் போய்ச் சொல்லாதே. அந்தப் பழியை என்னால சுமக்க முடியாது."

அப்போது கதவைத் தட்டாமலே கொழுந்தன் உள்ளே வந்தான். கையில் சட்டையில் மாட்டும் மைக். வாசிப்பாளர் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோவதற்குள் தழும்பைப் பார்த்துவிட்டான். பிறகு மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, "சாரி மேடம், அப்புறம் வர்றேன்," என்று வெளியேறினான். போகும்போது அண்ணியை ஒரு பார்வை பார்த்தான். கோபமா வருத்தமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

செய்தி நேரம் நெருங்கிய அவசரத்தில் அவள் கையில் அகப்பட்டது கம்பளித் துணியில் தைத்த அரக்கு நிறக் கோட்டு. துளிகூடப் பளபளப்பில்லை. கழுத்தை அகலமாக வெட்டி உள்ளே மடித்துத் தைத்தாள், முத்து துணியில் படாமல் தோலில் மட்டும் கிடக்கும்படி. இதுவும் சொதப்பினால் நானே போய் மாலையைக் கழற்றிவிடுவேன் என்று முணுமுணுத்தபடியே ஊசியை இழுத்தாள்.

செய்தி தொடங்கியது. அலமாரி கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்தபடி நின்றாள். பால் வெள்ளைச் சுவரைக் காணோம். அந்த இடத்தில் மழைக்கு முந்தைய வானம்போல ஓர் அமைதியான சாம்பல் நிறம். அதற்கு முன்னால் அரக்குக் கோட்டு. முத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனி உருண்டையாக, லேசான ரோஜா நிறம் ஓடத் தெரிந்தன. தழும்பின் சுவடே இல்லை. வாசிப்பாளரின் குரலும் பழையபடி நிமிர்ந்திருந்தது.

நிர்வாகி படியேறி ஓடிவந்தார். "யார் என் சுவரை அணைச்சது?"

"பின்னாடி பியூஸ் போயிடுச்சு சார்," என்றான் கேமராக்களை அங்கிருந்தே இயக்கும் கொழுந்தன், பொத்தான் பலகையிலிருந்து தலையைத் திருப்பாமல்.

அவர் திரையைப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "இது நல்லாத்தான் இருக்கு," என்றார். கொஞ்சம் கழித்து, "சுவர் அடக்கமா இருக்கணும்னு நான் அப்பவே நினைச்சேன்," என்றார்.

அதோடு போயிருந்தால் அலமாரி அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். "இதுதான் இனிமே நம்ம அடையாளம். காலைல, மத்தியானம், சாயந்தரம், எல்லா வாசிப்பாளர்களுக்கும் முத்துமாலை. ஏற்பாடு பண்ணிடுங்க."

"ஆம்பளைங்களுக்கு சார்?"

"டை ஊசில ஒரு முத்து வைங்க. இதெல்லாமா நான் சொல்லணும்?"

காலைச் செய்தி வாசிக்கிறவளுக்கு மஞ்சளைத் தவிர வேறெந்த நிறமும் பிடிக்காது. மத்தியானம் வாசிக்கிறவருக்கு டை கட்டினாலே மூச்சு முட்டும். அலமாரிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் யார்மேல் காட்டுவது? கொழுந்தன் பொத்தான் பலகைமேல் குனிந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வாசிப்பாளர் அறைக்கு வந்ததும் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"தழும்பு ஆறினதும் இதைக் கழட்டிப் போட்டுடலாம்னு நாள் எண்ணிட்டிருந்தேன்க்கா," என்றாள். "இனிமே கழட்டவே முடியாதா?"

"அசையாம உட்காரு," என்றாள் அலமாரி. "கொக்கி முடியில மாட்டியிருக்கு."