அம்மாவின் வீட்டுக்கு அப்பாவின் பெயர்

எனக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. "உன்னக் கட்ட வாறவன் பதில் சொல்லியே செத்துப்போவான்" என்பது அம்மாவின் கணிப்பு. இந்த வாய்தான் என்னைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கக் கொண்டுபோய் விட்டது. இறுதி ஆண்டு ஆய்வுக்கு எங்கள் ஆரையம்பதியையே எடுத்தேன். சுனாமிக்குப் பிறகு கடற்கரைச் சனங்களை வாவிப் பக்கத்தில் அரசாங்கம் கட்டிய திட்ட வீடுகளுக்கு மாற்றியிருந்தார்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

என்னோடு படித்த காத்தான்குடி பஹ்மி எங்கிருந்தோ மார்க்சியப் புவியியல் கட்டுரைகளைப் போட்டோக்கொப்பி எடுத்து வந்தான். இரண்டு பேரும் அகராதியும் கையுமாகக் குந்தியிருந்து படித்தோம். இடம் என்பது ஆட்களையும் வீடுகளையும் போட்டுவைக்கும் பெட்டி அல்லவாம். மனிதர் ஒருவரோடொருவர் வைத்திருக்கும் உறவுதான் இடத்தை உண்டாக்குகிறதாம். நிலம் யாருடைய உடைமை, அதில் வேலை செய்வது யார் என்று கேட்காமல் கீறுகிற வரைபடம் பாதிப் பொய் என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததில் இருந்து எனக்குப் பேய் பிடித்த மாதிரித்தான்.

சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கடலோரம் நெடுக ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்குள் மீன்பிடிக்காரன் வீடு கட்டக் கூடாது. ஆனால் கல்குடாப் பக்கம் உல்லாச விடுதிகளுக்கு விலக்குக் கிடைக்கும் என்று பேச்சு.

"அலைக்கு ஆள் பார்த்துப் பாயத் தெரியுமாடா?" என்று பஹ்மியைக் கேட்டேன்.

"அலைக்குத் தெரியா புள்ள. கோடு கீறினவனுக்குத் தெரியும்" என்றான்.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். என் வீட்டில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

கடற்கரையில் இருந்த வீடு அம்மாவின் சீதன வீடு. அவள் பிறந்து வளர்ந்ததும் அதில்தான். எங்கள் கரையில் தமிழரென்றாலும் முஸ்லிம்களென்றாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆம்பிளை உடுப்புப் பையோடு வந்து சேருகிறவன். சண்டை முற்றினால் வெளியே போகிறவனும் அவன்தான். அப்பா எத்தனையோ தரம் சேர்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டொரு நாளில், யாரும் கூப்பிடாமலே, ஒன்றும் நடக்காதவர் போல வந்துவிடுவார்.

ஆனால் வெளியாள் வந்து கேட்டால் அம்மாவின் பெயரில் "அன்னப்பூரணி வீடு" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மரியாதைக்கு ஆம்பிளையின் பெயரைத்தான் சொல்வார்கள். அம்மாவே "தங்கராசாட வீடு" என்று சொல்லித்தான் தபால்காரரைக் கூப்பிடுவாள். உள்ளது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் குழம்பவில்லை. சுனாமி முகாமுக்குக் அரசாங்கக் கந்தோர் ஆட்கள் வந்து யாருடைய வீடு போனது என்று கேட்டபோதும் ஊர் தன் வழக்கப்படியே பதில் சொன்னது. அம்மாவும் "அவர்ர வீடுதான்" என்றாள். திட்ட வீட்டின் உறுதிப் பத்திரம் அப்பாவின் பெயரில் வந்தது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினாள்.

ஒரு நாள் காலையில் சண்டை வந்தது. திட்ட வீட்டுக் குசினி நெருப்புப்பெட்டி அளவு; அடுப்பு வைத்தால் சமைக்கிற ஆள் நிற்க இடமில்லை. பின்னால் ஓலைக் குசினி ஒன்று போட வேண்டும் என்றாள் அம்மா. வீட்டின் வடிவு கெட்டுவிடும் என்றார் அப்பா. வார்த்தை தடித்தது.

"கோவமெண்டா உங்கட அக்காட வீட்ட போங்க."

அப்பா வழக்கம்போல சேர்ட்டை எடுத்தார். கதவு வரைக்கும் போனார். மறுகா திரும்பினார்.

"நான் ஏன் போகணும்? உறுதி என்ட பேரிலதான் கிடக்கு. நீ போ."

சொன்ன பிறகு அவரே பயந்துபோன மாதிரி நின்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு முன்னால் ஆச்சரியம் வந்தது. அதே சுவர், அதே ஆட்கள். ஒரு பெயர் இடம் மாறியதும் என் அம்மா வாடகைக்கு இருக்கிறவளாகிவிட்டாள்.

அம்மா அழவில்லை. ஒரு பானையும் பாயும், முகாமில் கூரைக்குத் தந்த பழைய தறப்பாளும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னால் போனேன்.

வழியில் கண்ட பஹ்மி கதையைக் கேட்டுச் சிரித்தான். "எங்கட உம்மாக்கிட்ட வாப்பா இப்பிடிச் சொன்னா, ஊர் கூடி வாப்பாவ வாவிக்குள்ள தள்ளும்."

"உங்களுக்குக் கிடைச்ச திட்ட வீட்டு உறுதி ஆர்ர பேர்ல?" என்று கேட்டேன். அவனுடைய சிரிப்பு நின்றது. சைக்கிளைத் திருப்பி வீட்டுக்கு மிதித்தான்.

அம்மா போனது கடற்கரைக்கு. பழைய சீதன வீட்டில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். அதன்மேல் அடம்பன் கொடி படர்ந்திருந்தது. கொடியை அறுத்து, மணலைக் கூட்டித் தள்ளி, தென்னையில் தறப்பாளைக் கட்டி, மூன்று கல்லு வைத்து உலை ஏற்றினாள். நான் சுற்றிச் சுற்றி வந்து எது எங்கே இருந்தது என்று கேட்டேன். அவளும் சலிக்காமல் காட்டினாள். நான் பிறந்த அறையைக் காட்டியபோது மட்டும் குனிந்து அங்கே மிச்சமிருந்த கொடியைப் பிடுங்கினாள்.

பொழுது சாய அப்பா சைக்கிளில் வந்தார். சுவர் இல்லை, கதவு இல்லை. நாலு பக்கமும் வெளி. எந்தப் பக்கத்தாலும் ஏறி வந்திருக்கலாம். அவர் சுற்றி வந்து, வாசற்படி இருந்த இடத்துக்கு நேரே செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றார். என் ஆய்வில் இதை எப்படிக் கீறுவேன் என்று தெரியவில்லை.

"கந்தோருக்குப் போய்க் கேட்டன்" என்றார். "இப்ப பேர் மாத்த ஏலாதாம். சனம் வீட்ட வித்துப்போடும் எண்டு தடுத்து வெச்சிரிக்காம்."

அம்மா உலையில் இருந்து தலை நிமிர்த்தவில்லை. "அப்ப அங்க எனக்கு வீடில்ல."

"கோவத்தில சொல்லிப்போட்டன். பிழைதான்."

"கோவம் போயிரும். உறுதி அப்பிடியேதான் கிடக்கும்."

அந்த மனுசனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

"உள்ள வரட்டா?" என்றார்.

அம்மா இப்போதுதான் அவரைப் பார்த்தாள். "வெறுங்கையோட வராதீங்க. நாளைக்குக் கூரை மேயக் கிடுகு ஏத்திக்கு வாங்க."

"இது கோட்டுக்குள்ள கிடக்கு. கட்ட விடமாட்டாங்க."

"உடைக்க வரக்குள்ள பாப்பம்."

அப்பா செருப்பை மாட்டினார். சைக்கிளைத் திருப்பினார். கொஞ்சத் தூரம் உருட்டிப் போய்விட்டுத் திரும்பிக் கேட்டார்:

"எவ்வளவு கிடுகு வேணும்?"

"ஒரு வீட்டுக்குக் காணுற அளவு" என்றாள் அம்மா. "வாசல் படலைக்கும் சேத்துக் கொண்டு வாங்க."