கீபோர்டின் வாயை அடைத்த கதை

என் கீபோர்டு கொஞ்சம் சத்தம் போடும் என்று சொன்னால் அது அபாண்டம். ஒவ்வொரு பட்டனும் கீழே போகும்போது ஒரு தரம், மேலே வரும்போது ஒரு தரம் சொடுக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் யாரோ அலமாரியிலிருந்து எவர்சில்வர் டப்பாவைத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஒரு நூலகத்தின் பழைய அட்டைகளைப் பார்த்துப் புத்தகத்தின் பெயர், எழுதியவர், வருடம், பக்கம் என்று கணினியில் ஏற்றுவது என் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே செய்கிறவனுக்கு, உலகத்தில் தானும் ஏதோ பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிய ஒரு சத்தமாவது வேண்டாமா?

வேண்டாம் என்றாள் என் மனைவி. அவள் வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில், வீட்டிலிருந்தே போனில் பேசும் வேலையில் சேர்ந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதம் தாண்டினால் நிரந்தரம், தாண்டாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். கல்யாணத்துக்குப் பிறகு எட்டு வருடம் வீட்டோடு இருந்தவள். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் நடுவில் இந்த எட்டு வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சும்மா இருந்தேன் என்று அவளும் சொல்ல மாட்டாள், என்ன செய்தாள் என்று அவர்களுக்கும் புரியாது. கடைசியில் கிடைத்த வேலை இது. அதை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் இன்டர்நெட் ஒழுங்காக வருவது படுக்கையறையில் மட்டும்தான். அதனால் அவள் மேஜை ஜன்னல் பக்கம், என் மேஜை கதவுப் பக்கம். இரண்டு நாற்காலிக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும்.

அவளுடைய மேலதிகாரி வாரத்துக்குப் பத்து அழைப்புகளின் பதிவைக் கேட்டு மதிப்பெண் போடுகிறவர். மனைவி அவருக்கு வைத்த பெயர் பாம்புச்செவி. அந்தப் பாம்புச்செவி ஒரு நாள் கூப்பிட்டு, கல் உடைக்கிற இடத்தில் உட்கார்ந்தா பேசுகிறீர்கள் என்று மரியாதையாக விசாரித்திருக்கிறார். இரண்டு வாரத்தில் பின்னணிச் சத்தம் அடங்காவிட்டால் நிரந்தரத்துக்குப் பரிந்துரை செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

புதுசாக ஒன்று வாங்கிவிடலாமே என்று இழுத்தேன். வேலை நிரந்தரமாகிற வரைக்கும் வீட்டுக்குள் ஒரு குண்டூசி புதிதாக வரக்கூடாது என்பது அவள் போட்டிருந்த சட்டம். இருப்பதை வைத்து அடக்கச் சொன்னாள். பார்வையைப் பார்த்தால், என்னைச் சொல்கிறாளா கீபோர்டைச் சொல்கிறாளா என்று சந்தேகம் வந்தது.

முதலில் குளிக்கிற டவலை நாலாக மடித்து அடியில் போட்டேன். மேஜை அதிர்வது நின்றது, சத்தம் நிற்கவில்லை. கூடவே கீபோர்டு தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்து, ஓர் எழுத்தாளரின் பெயரில் நாலு எழுத்து கூடுதலாக விழுந்தது. அடுத்து, பட்டன் மூடி ஒவ்வொன்றுக்கும் அடியில் சின்ன ரப்பர் வளையம் போட்டால் தட்டுகிற சத்தம் குறையும் என்று படித்தேன். எங்கள் மகள் தலையில் போடுகிற குட்டி ரப்பர் பேண்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. எண்பத்தேழு மூடிகளையும் கழற்றி, எண்பத்தேழு வளையம் போட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பெண் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, அப்பாவிடம் இனிமேல் பேச மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மூடிகளைத் திரும்ப மாட்டும்போதுதான் வினை. பதினைந்து வருடமாகத் தட்டுகிறேன், எந்த எழுத்து எங்கே என்று என் விரலுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. காலி இடங்களை முறைத்துப் பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூடியில்லாத பட்டன்களிலேயே என் பெயர், மனைவி பெயர், வீட்டு விலாசம் எல்லாம் தட்டி, திரையில் வந்ததைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். இவ்வளவுக்கும் பிறகு சத்தம் போன வாரத்தைவிட ஒரு மாற்றுத்தான் குறைந்திருந்தது.

விடுவேனா? அடிப்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றினேன். டி.வி. வந்த பெட்டியிலிருந்த பஞ்சை வெட்டி உள்ளே அடைத்தேன். சர்க்யூட் பலகையின் முதுகில் காகித டேப்பை மூன்று அடுக்கு ஒட்டினேன். ஸ்பேஸ் பாரின் கம்பிக்குச் சைக்கிள் கடை கிரீஸைத் தீக்குச்சி முனையால் தடவினேன். எவர்சில்வர் டப்பா விழுகிற சத்தம் நின்றது. சொடுக்குச் சத்தம் மட்டும் அசையவில்லை. மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல், கெடு முடிய எட்டு நாள் என்றாள்.

கடைசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரிப்பேர்க்காரர் ஒரு பட்டனை அழுத்திப் பார்த்தார். உள்ளே திறந்து பஞ்சையும் டேப்பையும் பார்த்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"சத்தம் பெட்டியில இல்ல சார். ஒவ்வொரு பட்டனுக்குக் கீழயும் ஒரு ஸ்விட்ச் இருக்கு பாருங்க, அதுக்குள்ள இருக்கு. நீங்க வீட்டை எல்லாம் மெத்தை போட்டு வெச்சிருக்கீங்க, கத்துறவன் உள்ளயேதான் இருக்கான்."

காபி கொட்டிச் செத்துப்போன ஓர் ஆபீஸ் கீபோர்டு அவரிடம் கிடந்தது. அதிலிருந்த சத்தமில்லாத ஸ்விட்சுகளை எனக்குக் கொடுத்து, சத்தம் போடுகிற என்னுடையதை அவர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிறவர்களுக்கு அந்தச் சத்தம்தான் வேண்டுமாம். கைக்காசு செலவில்லை. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒவ்வொன்றாகச் செருகினோம். வீட்டுக்கு வந்து தட்டினேன். பஞ்சு மேல் விரல் பட்டது மாதிரி ஒரு சின்ன ஒலி, அவ்வளவுதான். கெடு வந்த பிறகு மனைவி முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு வேலையில் உட்கார்ந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "மன்னிச்சுக்குங்க சார், உங்க சிரமம் எனக்குப் புரியுது." யாரோ என்று திரும்பினால் என் மனைவி. எட்டு வருடத்தில் என்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்டவள் இல்லை. என் காலை மிதித்தால்கூட, காலை ஏன் அங்கே வைத்தீர்கள் என்பாள். மதியச் சாப்பாட்டுக்குள் இருபத்தாறு மன்னிப்பு எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எல்லாம் சுபம் என்றிருந்தபோது மதிப்பெண் சரிய ஆரம்பித்தது. பேசி முடித்ததும் வாடிக்கையாளர்கள் ஐந்துக்கு இத்தனை என்று போடுவார்கள். இத்தனை நாளும் நாலரைக்குக் குறையாதவளுக்கு இரண்டு, இரண்டரை என்று வந்தது. கூடவே குறிப்பு வேறு: அந்தம்மா எதையுமே எழுதிக்கொள்ளவில்லை. பேசுகிறவர்களும் நடுநடுவே நிறுத்தி, எழுதுகிறீர்களா என்று கேட்டார்கள்.

அவள் வேலைக்குக் கீபோர்டே தேவையில்லை. மெஷின் மாடல், புகார் வகை எல்லாவற்றையும் மவுஸால் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும். நான் பின்னால் நூலக அட்டைகளைத் தட்டிய சத்தத்தைக் கேட்டு, தங்கள் புகாரை இந்த அம்மா விடாமல் எழுதிக்கொள்கிறாள் என்று ஊரே நம்பியிருக்கிறது.

அவள் குறிப்புகளை இரண்டு முறை படித்தாள். "அப்ப இவ்வளவு நாளா நல்லா பேசினது நான் இல்ல. உங்க கீபோர்டுதான்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னாள். ரிப்பேர்க் கடைக்கு ஓடினேன். என் பழைய ஸ்விட்சுகளை அவர் முந்தின நாளே யாருக்கோ மாட்டி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைசிப் பரீட்சை. பாம்புச்செவி ஓர் அழைப்பைப் பதிவில் அல்ல, நேரடியாகவே கேட்டு முடிவு சொல்வார். சரியான நேரத்துக்கு ஒருவர் வந்து மாட்டினார். எடுத்த எடுப்பிலேயே கத்தல். மெஷின் பாதியில் நின்று நாலு நாள் ஆகிறது, உள்ளே தண்ணீர், கதவு திறக்கவில்லை, மூன்றாவது தடவையாகப் புகார் சொல்கிறார், நீங்களெல்லாம் எதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று அவர் கேட்டது ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது. நடுவில் நிறுத்தி, எழுதுறீங்களா இல்லையா, ஒரு சத்தத்தையும் காணோமே என்றார்.

கையில் கிடைத்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அவள் காதருகே டிக் டிக் டிக் என்று அமுக்கினேன். பதினோராவது டிக்கில் ஸ்பிரிங் தெறித்து அவள் மேஜை மேல் விழுந்தது. அவள் திரும்பாமலேயே உள்ளங்கையை எனக்கு நேராக நீட்டினாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"எழுதலீங்க, கேட்டுட்டிருக்கேன்," என்றாள் அவரிடம். "நாலு நாளா தண்ணியோட நிக்குது. இது மூணாவது புகார். புதன்கிழமை ஆள் வரேன்னுட்டு வரல, நீங்க லீவு போட்டு உக்காந்திருந்தீங்க. நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போட வேண்டிய சட்டை உள்ள இருக்கு. முதல்ல அந்தச் சட்டையை எடுத்துடலாம் சார்."

சட்டையைப் பற்றி அந்த மனிதர் கத்தலுக்கு நடுவில் ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தார், நான் கவனிக்கவே இல்லை. அடியில் வலது மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், கீழே தட்டு வைத்துக்கொண்டு திருகுங்கள், தண்ணீர் வடிந்து இரண்டு நிமிடத்தில் கதவு திறக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். இருபது நிமிடம் கூடவே இருந்தாள். கடைசியில் அவர், சட்டை வந்திருச்சும்மா என்றார். ஐந்துக்கு ஐந்து போட்டார். பத்து நிமிடத்தில் பாம்புச்செவியிடமிருந்து ஒரே வரி வந்தது: வேலை நிரந்தரம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். அதுவும் கத்தல். மறுபடியும் மன்னிப்பு. வேலை நிரந்தரம் என்றால் இதுவும் நிரந்தரம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டரை மாதமாக ஒரு முழ தூரத்தில் இது நடந்திருக்கிறது, நான் என் சத்தத்தில் சுகமாக இருந்திருக்கிறேன்.

அழைப்பு முடிந்ததும், பழைய மாதிரி சத்தம் போடுகிற ஸ்விட்ச் எங்கேயாவது தேடி வாங்கட்டுமா என்று கேட்டேன்.

"ஏன், நான் பேசுறது தொந்தரவா இருக்கா?"

"அதில்ல. உன்னை அவங்க திட்டுறதைக் கேக்க முடியல."

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். முழங்கால் முழங்காலில் இடித்தது.

"நீங்க கேக்கலைன்னா திட்டாம விட்டுடுவாங்களா? இருக்கட்டும் விடுங்க. வீட்டுல ஒரு ஆளுக்காவது தெரியட்டும்."

அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. அவள் திரும்பி உட்கார்ந்து, வணக்கம், சொல்லுங்க என்றாள். நான் அடுத்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு தட்டாமல் கேட்டேன்.