சீஸ்கேக்கும் பத்து ஆண்களும்

எங்கள் லீட்ஸ் யூத ஜெபாலயத்தின் கீழ்க்கூடத்தில் எழுத்தாளர் கூட்டம் நடத்துவது நான்தான். எழுத்தாளரைப் பிடிப்பது சுலபம், கேட்க ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். அதற்கு நான் கண்டுபிடித்த ஒரே வழி சீஸ்கேக். கேள்வி நேரம் முடியும்வரை அது சமையலறைக்குள் பூட்டியே இருக்கும். ஒரு முறை இளகிப்போய் முதலிலேயே பரிமாறிவிட்டேன். பாவம் அந்தக் கவிஞர், காலி நாற்காலிகளைப் பார்த்துக் காதல் கவிதை வாசித்தார்.

அன்று வந்திருந்தவள் ரோவீனா லிப்ஷா. இந்த ஜெபாலயத்திலேயே வளர்ந்தவள். அவள் நாவல் முழுக்க அவளுடைய அப்பாவைப் பற்றியது. டாக்சி ஓட்டியவர். யோம் கிப்பூர் அன்று ஊரே பட்டினி கிடந்து கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் தொழுகைச் சால்வைக்குள் ரேடியோ வைத்துக் கால்பந்து கேட்டதாக எழுதியிருந்தாள். அது அச்சானதிலிருந்து அவள் தம்பி மெர்வின் அவளோடு பேசுவதில்லை.

கூட்டத்துக்குத் தேதி குறித்தபோது நான் ஆபீஸ் காலண்டரைத்தான் பார்த்தேன். எங்கள் யூதக் காலண்டர்படி அன்று அவர்கள் அப்பாவின் திதி. மாலைத் தொழுகையில் மகன் இறந்தவருக்கான கதிஷ் ஜெபம் சொல்ல வேண்டும். பத்து ஆண்கள் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. மேலே தொழுகைக் கூடத்தில் இருந்ததோ மெர்வினும் எங்கள் மதகுரு ரப்பியும் மட்டும். ஊரிலிருந்த மற்ற ஆண்கள் எல்லாம் கீழே என் சீஸ்கேக்குக்காகக் காத்திருந்தார்கள்.

ரோவீனா வாசித்துக்கொண்டிருந்தபோது மெர்வின் வாசலில் வந்து நின்றான். ஆட்களைக் கையசைத்துக் கூப்பிட்டான். எல்லோரும் அவரவர் ஷூவைப் பார்த்தார்கள். கிழவர் ஜிஸ்மன் மட்டும், இப்போது எழுந்து போனால் திரும்பி வரும்போது தட்டில் துகள்தான் மிஞ்சும் என்று முனகினார்.

ரோவீனா புத்தகத்தைத் தாழ்த்தினாள். "உட்காரு மெர்வின். இன்னும் ரெண்டு பக்கம்தான். அப்புறம் இவங்களை மேல அனுப்ப வேண்டியது என் பொறுப்பு."

"இவங்களா? கேக்கைத் தின்னுட்டு நேரா வீட்டுக்குப் போறவங்க."

அவள் என்னிடம் கை நீட்டினாள். சமையலறைச் சாவியைக் கொடுத்தேன். அதைப் பார்த்ததும் மெர்வின் தொப்பியோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான்.

ரேடியோ பகுதிக்கு எல்லோரும் சிரித்தார்கள், அவனைத் தவிர. கடைசிப் பக்கம் வந்தது. சால்வையை விலக்கும் அப்பாவின் முகமெல்லாம் கண்ணீர். அந்த ஒரு கணம் அவர் கடவுளிடம் திரும்பிவிட்டார் என்று ரோவீனா எழுதியிருந்தாள். பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

கேள்வி நேரம் வந்ததும் ஜிஸ்மன் எழுந்தார். கேட்க ஒன்றும் இல்லை, ஒரு கருத்து மட்டும் என்று ஆரம்பித்துத் தன் மூலநோய் வரைக்கும் போனார். ஒருவழியாக அவரை உட்கார வைத்தோம். அடுத்து மெர்வின் கையைத் தூக்கினான்.

"அந்த ரேடியோ யாருது?"

"அப்பாவுது."

"என்னுது. ஆசீர்வாதம் சொல்லும்போது எல்லா அப்பாவும் மாதிரி அவரும் சால்வையை என் தலைமேல போட்டாரு. ஆசீர்வாதம் முடிஞ்சும் எடுக்கல. உள்ள நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு காதா வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தோம். நீ மேல பொம்பளைங்க மாடத்துல இருந்தே. உனக்குத் தெரிஞ்சது ஒரு வெள்ளைத் துணிதான்."

"அப்போ அவரு அழுதது?"

"கடைசி நிமிஷத்துல நம்ம லீட்ஸ் டீம் கோல் வாங்கித் தோத்துடுச்சு. ஆனா நம்ம ரப்பியும் உன்னை மாதிரியேதான் நினைச்சாரு. அடுத்த வாரம் பிரசங்கத்துல, பக்தின்னா லிப்ஷா மாதிரி இருக்கணும்னு சொன்னாரு."

கைக்குட்டைகள் பைக்குள் திரும்பின. ரோவீனாவின் முகம் வெளுத்துவிட்டது. "இதைச் சொல்லாம இத்தனை நாள் ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே? அப்பா மானம் போச்சுன்னுதானே நினைச்சேன்."

"அவரு மானத்துக்கு என்ன, அந்த ரேடியோ கதையை என் பேரை மட்டும் விட்டுட்டு அவரே எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாரு. முந்நூறு பக்கம் எழுதியிருக்கே. நான் எங்கேடி?"

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். சாவியை உயர்த்திக் காட்டினாள். மேலே போய் மெர்வினின் கதிஷுக்கு ஆமென் சொல்லிவிட்டு வருபவர்களுக்குத்தான் கேக் என்றாள். படிக்கட்டில் தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. பத்துப் பேர் கேட்டவனுக்குக் கல்யாணக் கூட்டம் கிடைத்தது. பண்டிகை ஏதும் மறந்துவிட்டோமா என்று ரப்பி பயந்துபோய்க் காலண்டரைத் தேடினார்.

ரோவீனாவும் நானும் பெண்கள் மாடத்துக்கு ஏறினோம். அங்கிருந்து மெர்வினின் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்புவரை வெளியே வளைந்து எட்டிப் பார்த்தாள். அவன் கதிஷ் சொன்னான். எல்லாருடைய ஆமெனுக்கும் மேலே அவள் ஆமென் கேட்டது.

முடித்ததும் மெர்வின் அண்ணாந்து பார்த்தான். ரேடியோ கேட்பதுபோல் ஒரு விரலைக் காதில் வைத்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, கட்டைவிரலைக் கீழே காட்டினான்.

ரோவீனா சத்தமாகச் சிரித்துவிட்டாள். ரப்பி திரும்பி முறைத்தார். கீழே ஜிஸ்மன் ஏற்கெனவே சமையலறைக் கதவை உலுக்கிக்கொண்டிருந்தார்.