உள்ளே காயும் துணி

தன் வீட்டுப் படுக்கையறைச் சுவருக்கு மூன்றாம் முறையாக வெள்ளை அடித்துவிட்டு பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள், முதலில் அடித்த மூலையில் கறுப்பு மறுபடி எட்டிப் பார்த்ததாம். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். மீதிப் பாதியிலும் தண்ணீர் கலந்திருக்கும், தொழில் பழக்கம். ஆனால் பூஞ்சை இருந்தது நிஜம். ஜன்னலோரம் மிளகுத்தூள் தூவியதுபோல் தொடங்கி, அலமாரிக்குப் பின்னால் போய், கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு வாடகை தராமல் குடியிருந்தது.

மறுநாள் மகள் வருகிறாள். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு வீடு அமையும்வரை குழந்தையை அப்பாவிடம் விடுவதா, மாமியாரிடம் விடுவதா என்பதை அறையைப் பார்த்த பிறகுதான் சொல்வேன் என்றிருந்தாள். குழந்தைக்கு வீசிங். போன தடவை இந்த அறையில் படுத்தெழுந்தபோது நெஞ்சு விசிலடிக்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பேத்தி வந்தால் வீட்டில் ஒரு குரல் கேட்கும். இப்போதைக்கு ஃபிரிட்ஜின் குரல்தான். அதனோடும் ஏதோ மனஸ்தாபத்தில் பெயிண்டர் பேச்சை நிறுத்தியிருந்தார்.

மாடிவீட்டுக் குளியலறைதான் ஒழுகுகிறது என்று முதலில் தீர்ப்புச் சொல்லியிருந்தார். மாடிக்காரர் ரோஷக்காரர், தரையைப் பெயர்த்தே காட்டிவிட்டார். உள்ளே சுக்காகக் காய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து அவர் படியிறங்கும்போது ஒவ்வொரு படியும் பெயிண்டரைத் திட்டியது.

உண்மையில் பெயிண்டருக்குத் தெரியாததா? எத்தனை வீடுகளில் அவரே சொல்லியிருக்கிறார்: "பெயிண்ட்டு மருந்தில்லம்மா, பவுடர் பூச்சு. ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, அலமாரியைச் சுவரோட ஒட்டிப் போடாதீங்க, துணியை உள்ள காயப்போடாதீங்க." ஊருக்குத்தானே உபதேசம்.

மகளின் மூக்கு அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்தது. நேரே போய் ஜன்னலைத் தள்ளினாள். அசையவில்லை. சட்டமும் கதவும் பெயிண்ட்டில் ஒட்டி ஒரே பலகையாகியிருந்தன. அலமாரியை இழுத்து, பின்னால் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். மடித்து அடுக்கிய துணிகளின் மேலிருந்ததை எடுத்தாள்.

"அப்பா, இது அம்மா நைட்டிதானே?"

"ஆமா. மஞ்சப் பூ எனக்கு எடுக்காது."

அவள் சிரிக்கவில்லை. துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா போயி ரெண்டு வருஷம் ஆச்சுப்பா. இது ஏன் ஈரமா இருக்கு?"

பெயிண்டர் ஏணியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

முதலில் கழுத்துப் பட்டியில் ஒரேயொரு புள்ளி விழுந்திருந்தது. மனைவி உடுத்தியதில் பூசணம் ஏறுவதா என்று துவைத்தார். துவைத்ததை எங்கே உலர்த்துவது? வெளியே பொதுக் கொடி. எதிர்வீட்டம்மாவுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். பெண்டாட்டி செத்தவன் கொடியில் நைட்டி ஆடினால், கிழவன் எவளையோ சேர்த்துக்கொண்டான் என்று ஒலிபரப்பாகும். அதைக்கூடப் பெருமையாக எடுத்துக்கொள்வார். பாவம், புத்தி பிசகிவிட்டது என்று சொல்லிவிட்டால்? ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, அறைக்குள்ளேயே கயிறு கட்டினார். போக வழியில்லாத ஈரம் சுவரில் ஏறியது. சுவரிலிருந்து துணிக்கு வந்தது. புதுப் புள்ளி விழ விழ, அவர் இன்னும் சிரத்தையாகத் துவைத்தார்.

"பூசணம் பிடிச்சிடக் கூடாதுன்னுதாம்மா..."

"துவைச்சுத் துவைச்சு நீங்களேதான்பா வளத்திருக்கீங்க."

"நல்லாத்தான் வந்திருக்கு. உங்கம்மா வச்ச ரோஜா ஒண்ணாவது இப்படி வந்துச்சா?"

மகள் கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று குனிந்து பார்த்தவர், பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"பாப்பாவை எப்படிப்பா இங்க விடுவேன்?"

பெயிண்டர் தரையில் சிந்தியிருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினார்.

"ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். போற வழியில வந்து பாக்கறேன். இந்த ரூம்ல ஈர வாடை இருந்துச்சுன்னா அத்தைகிட்டதான்." வாசல்வரை போனவள் திரும்பினாள். "இதெல்லாம் நான் எடுத்துட்டுப் போயிடவா?"

அவர் அலமாரிக் கதவில் கை வைத்தபடி நின்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவள் போனதும் நைட்டியை முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனை. அதற்கடியில் சுவரின் வாசனை. அதற்கும் அடியில் ஏதாவது இருக்குமென்று வெகுநேரம் தேடினார். பிறகு சுரண்டும் தகட்டை எடுத்து ஜன்னல் இடுக்கில் விட்டார். தானே அடித்த பெயிண்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. தோளைக் கொடுத்து முட்டியதில் ஜன்னல் அலறிக்கொண்டு திறந்தது. சுவர் முழுக்க வெயில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் பூஞ்சை அவர் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு வெளியே போனார். கொடி நெடுக எதிர்வீட்டு ரேடியோவின் ஈரத் துண்டுகள். வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு நின்ற அந்தம்மா, அவர் கையிலிருந்த மஞ்சள் பூக்களைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் திறந்து கிடந்த ஜன்னலையும் பார்த்தாள். ஒலிபரப்பு எந்நேரமும் தொடங்கலாம் என்று பெயிண்டர் காத்திருந்தார்.

அவள் தன் துண்டுகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளினாள். வாயிலிருந்த கிளிப்பை எடுத்து, புடவையில் துடைத்து, அவரிடம் நீட்டினாள்.

காற்று வந்தது. நைட்டி மெல்ல உப்பி, உள்ளே ஆள் இருப்பதுபோல் ஒரு கணம் நின்று, பிறகு வெறுமனே தொங்கியது. கழுத்துப் பட்டியின் கறுப்புப் புள்ளிகள் வெயிலைப் பார்த்தபடி இருந்தன.