பதினொன்றரைக்குள் ஒரு சாவு

“சீக்கிரம் வாங்க, கால் மணிதான் இருக்கு!”

தனக்கொடி பெரிய வாய்க்கால் பாலத்தை ஒரே ஓட்டத்தில் தாண்டினாள். பின்னால் இரண்டு சாட்சிகள் மூச்சிரைக்க வந்தார்கள். சாவு எழுதும் ஜன்னல் பதினொன்றரைக்கு மூடிவிடும். இன்று சனிக்கிழமை, அரிசிச் சீட்டுக் கொடுக்கும் நாள். இன்றைக்குப் பதியாவிட்டால் இன்னும் ஒரு வாரத்துக்கு அரிசி கிடையாது. வீட்டில் மூன்று பிள்ளைகள் நேற்றிலிருந்து கஞ்சித் தண்ணியில் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தேழாம் வருஷம் மில்லில் ஆள் குறைத்ததிலிருந்து, வேலை போன குடும்பங்களுக்கு மேரியில், அதாவது நகரசபையில், வாரம் நாலு படி அரிசி போட்டார்கள். தை மாதம் யார் போனாலும் போட்டார்கள். மாசியில், இங்கிலீஷ் எல்லையிலிருந்து வந்தவர்கள் ஐந்து வருஷம் புதுச்சேரியில் குடியிருந்தால்தான் என்றார்கள். தனக்கொடி குடும்பம் திண்டிவனத்திலிருந்து வந்து மூன்று வருஷம். அரிசி நின்றது. பங்குனியில், வெளியூர்க்காரர்களில் விதவைகளுக்கு மட்டும் வருஷக் கணக்கு பார்க்க வேண்டாம் என்று சுவரில் ஒட்டினார்கள். தனக்கொடி அதை இரண்டு பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் படித்தார்கள்.

பிரெஞ்சுச் சட்டப்படி ஒருவர் செத்ததற்கு இரண்டு ஆண்கள் சாட்சி சொல்ல வேண்டும். முதல் சாட்சி பக்கத்து வீட்டு சூசை. இரண்டாவதாக வருகிறேன் என்ற கன்னியப்பன், பிரெஞ்சுக் கடுதாசியில் பெருவிரல் வைக்க மாட்டேன் என்று நெல்லித்தோப்பிலேயே கழன்றுகொண்டான். வேறு வழியில்லாமல், இருந்த ஆளை இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஜன்னலுக்குள் குமாஸ்தா பிரகாசம் முசியே பேனாவை மையில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இறந்தவர் பேர்?”

தனக்கொடி சாட்சிகள் பக்கம் திரும்பினாள். புருஷன் பேரை அவள் தாலி ஏறிய நாளிலிருந்து சொன்னதில்லை.

“செத்தவர் பேரைச் சொல்றதுக்கு என்னம்மா?”

“கலியபெருமாளுங்க” என்றார் இரண்டாவது சாட்சி. “வயசு முப்பத்திரண்டு.”

“எப்போ?”

“முந்தாநேத்து” என்றான் சூசை.

“எதனால?”

“பசிங்க” என்றார் இரண்டாவது சாட்சி.

“பசிக்கு இதுல இடம் கெடையாது. காய்ச்சல்னு போடறேன்.”

“குடின்னு போடுங்க முசியே” என்றான் சூசை. “சரியான குடிகாரன்.”

“அவன் குடிச்சத நீ பாத்தியா?” என்று இரண்டாவது சாட்சி சீறினார்.

“பாக்கறதென்ன, கூட உக்காந்து குடிச்சேன்.”

“இறந்தவங்களைத் தப்பாப் பேசாதீங்க” என்றார் பிரகாசம். “புதைச்சீங்களா, எரிச்சீங்களா?”

“புதைச்சோம்” என்றான் சூசை.

“எரிச்சோம்” என்றார் மற்றவர்.

பேனா நின்றது. சூசை சமாளித்தான்.

“புதைக்கலாம்னுதான் பேசினோங்க, அப்புறம் எரிச்சிட்டோம்.”

பேனா நகர்ந்தது. சூசையின் பேரை எழுதிக்கொண்டு பிரகாசம் மற்றவரைக் கேட்டார். “உங்க பேர்?”

“பாவாடை.”

“இறந்தவரை எத்தனை வருஷமாத் தெரியும்?”

“முப்பத்திரண்டு வருஷங்க. ஒரே ஊரு.”

பிரகாசம் எழுதி முடித்து, பிரெஞ்சில் ஒரு தடவை வாசித்தார். மூவரும் புரிந்தது போலத் தலையாட்டினார்கள். பெருவிரல்கள் வைத்தாயிற்று. முத்திரை விழுந்தது. மணி பதினொன்று இருபத்தைந்து.

“அரிசிச் சீட்டு, முசியே?”

“அது பக்கத்து ஜன்னல்.”

பக்கத்து ஜன்னல் சாத்தியிருந்தது. பிரகாசம் இந்த ஜன்னலை மூடினார், நாற்காலியை நாலு அடி தள்ளிப் போட்டார், அந்த ஜன்னலைத் திறந்தார்.

“என்ன விஷயமா வந்தீங்க?”

தனக்கொடி காகிதத்தை நீட்டினாள். பிரகாசம் தான் எழுதியதைத் தானே முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“காலையில வந்த உத்தரவு. வெளியூர் விதவைகளுக்கு நிறுத்தியாச்சு. இனிமே மில்லுல ஒரு வருஷம் வேலை பாத்து நின்னவங்களுக்குத்தான். எந்த ஊர்க்காரனா இருந்தாலும் சரி, ஆள் நேர்ல வரணும்.”

“இதை அந்த ஜன்னல்லயே சொல்லியிருக்கலாமே, சாமி?”

“அது சாவு ஜன்னல்மா.”

சூசை தொண்டையைக் கனைத்தான். “நான் ஒண்ணரை வருஷம் பாத்தேங்க.” நாலு படிக்குச் சீட்டு வாங்கி மடியில் செருகிக்கொண்டான். தனக்கொடி முகத்தைப் பார்க்காமல் இரண்டு அடி தள்ளி நின்றான்.

“உங்க வூட்டுக்காரர் எவ்ளோ நாள் மில்லுல இருந்தாரு?”

“ரெண்டு வருஷங்க.”

“அடடா!” பிரகாசத்துக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. “இன்னைக்கு உசுரோட வந்து நின்னிருந்தா, நாலு படி கைமேல கெடைச்சிருக்கும்.”

தனக்கொடி திரும்பி இரண்டாவது சாட்சியைப் பார்த்தாள். பெருவிரல் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார், ரெண்டு வருஷம் மில்லில் வேலை பார்த்து, முந்தாநாள் காய்ச்சலில் இறந்து, எரிக்கவும் பட்ட கலியபெருமாள்.