ஒத்தை இழை

நெசவுக்காரக் குடும்பத்துப் பிள்ளை தறியை விட்டுவிட்டுக் காளான் வளர்க்கப் போனால் திருத்தணிச் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பரந்தாமனுக்கு நாய்க்குடைக்காரன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவனுக்கென்ன, திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புச் சக்கைக் குவியலில், மற்றக் காளானெல்லாம் கருகிப்போகும் சித்திரை வெயிலில் முளைத்திருந்த ஒரு காளானைக் கண்டதிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

மறுபடி போனபோது குவியலையே அள்ளிவிட்டிருந்தார்கள். மிஞ்சியது, அந்தக் காளானின் ஒரேயொரு வித்திலிருந்து கண்ணாடித் தட்டுகளில் அவன் வளர்த்த இழை. அதற்கு ஒத்தை என்று பெயர். இழையின் ஒவ்வொரு நுண்ணறைக்கும் ஒரே கரு என்பதால் அது தனியே காளான் விடாது. கடையில் விற்கும் காளான் ரகம் ஜோடி. அறைக்கு இரண்டு கரு. பக்கத்தில் வைத்தால் ஜோடி தன் கருவில் ஒன்றை ஒத்தைக்குள் அனுப்பிவிடும். பிறகு ஒத்தையும் காளான் விடும். ஆனால் அது ஒத்தையாக இருக்காது.

அவன் ஈரல் கெட்டுப் படுத்தபோது, பூசணம் பிடிக்காமல் ஒரு தட்டுதான் பிழைத்திருந்தது. சாவதற்குள் அவன் கண்ணில் ஒரு காளானையாவது காட்டிவிட வேண்டும் என்று அவன் மனைவி வரலட்சுமி துடித்தாள்.

"ஏங்க, ஒத்தையை ஜோடியோட சேத்துடட்டுமா?" என்று ஆஸ்பத்திரியில், அவன் தங்கையும் பக்கத்தில் இருக்க, காதருகே கேட்டாள்.

உதடு அசைந்தது. "ஒத்த..." என்று கேட்டது அவளுக்கு.

"ஆங், சரிங்க" என்று எழுந்து பஸ் பிடித்தாள். ஒரு துண்டை எடுத்துத் தனியே வைக்கக்கூட அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

இழை சேர்ந்தது. வைக்கோல் பைக்கு மாற்றினாள். காளான் வருவதற்குள் பரந்தாமன் போய்ச் சேர்ந்தான்.

காரியமெல்லாம் முடிந்தபின் பை வெள்ளை வெளேரென்று பூத்தது. அவன் தங்கை புவனாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"உங்க அண்ணன் சொன்னபடியே ஒத்தையைச் சேத்துட்டேன்."

புவனாவுக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ வதினா, நானும் பக்கத்துல தானே இருந்தேன். அண்ணன் ஒத்தன்னு சொல்லல. 'ஒத்து'ன்னான். அதே மாதிரி வெயில் தாங்குற இன்னொண்ணு கெடைக்கிற வரைக்கும் சேக்கக் கூடாதுன்னு சொல்லிகினே இருந்தான். நீ சரின்னதும் புரிஞ்சிகினேன்னு நெனச்சேன்."

ஒத்து. பரந்தாமன் வீட்டுத் தெலுங்கில் 'வேண்டாம்' என்று அர்த்தம். அவள் கனகம்மாசத்திரத்துத் தமிழ்ப் பெண்தான் என்றாலும், இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையைக் கேட்காத நாள் உண்டா? இன்னொரு கரண்டி குழம்பு என்றால் ஒத்து, ஃபேன் போட்டால் ஒத்து. அன்றைக்கு மட்டும் காது தான் ஆசைப்பட்டதைக் கேட்டுக்கொண்டது. அந்தக் காதை அறுத்து எறியலாம் போலிருந்தது வரலட்சுமிக்கு.

"ரெண்டு கருவும் கலக்காம பக்கத்துல பக்கத்துல தான் இருக்கும்னு அண்ணன் சொல்வானே. பிரிச்சி எடுத்துட முடியாதா?"

"எனக்குத் தெரியாது புவனா. அவருக்குத்தான் தெரியும்."

வெளியே மலைக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையருகே குனிந்தாள்.

"பறிச்சிடட்டா? விட்டா வாடிடும்."

"ஒத்து" என்றாள் வரலட்சுமி, அவன் சொன்ன மாதிரியே, சத்தமே வராமல்.